டெரிக்கின் புருவம்

பெரம்பூரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து அற்புதராஜின் ஆட்காட்டி விரல் முன் சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்? அப்புறம்தான் சங்கடம். நாலுக்கு அப்புறம் எத்தனை எண்ணிக்கை சும்மா இருக்க வேண்டும் என்பது அறுபத்தேழு வயது டிரம்மருக்குத் தெரியாது என்றால் ஊர் சிரிக்கும். ஊர் என்ன ஊர், இன்று நாலு மணிக்குப் பெசன்ட் நகரில் டெரிக்கின் மகள் ஷெரில் வீட்டுக் கூடத்திலிருந்து அந்தப் பழைய பாட்டு செல்போனில் நேரலை, எத்தனை ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை, ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் எல்லாம் சிரிக்கும். மடியில் மஞ்சள் பை, பைக்குள் டிரம் குச்சிகள் இரண்டு ஜோடி, ஸ்டெல்லா கட்டிக் கொடுத்த ரவா உருண்டை, பிரஷர் மாத்திரை. நேற்று முன்தினம் ஷெரில் போனில் கேட்டாள்: "அங்கிள், அந்த கேப்புல எத்தனை கவுண்ட் விடுறீங்க? டேப்ப வச்சு அளந்து பார்த்தேன். ஆறு போகுது, ஏழாவதுல டாடி சிரிக்கிறாரு, எட்டு முடியறதுக்குள்ள நீங்க வந்துடறீங்க. அப்படியே எழுதி வச்சுக்கவா?" இவர் என்ன சொன்னார்? பெரிய வித்வான் மாதிரி, "அதெல்லாம் எழுதற சமாச்சாரம் இல்லம்மா, கை பார்த்துக்கும்" என்றார். கை பார்த்துக்கொள்ளுமாம். போனை வைத்த கையோடு ஸ்டெல்லாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி, சாப்பாட்டு மேஜையில் அடித்துக் காட்டினார். முதல் தடவை நாலிலேயே விழுந்தார். அடுத்த தடவை பதினொன்று ஆகிவிட்டது. "குழம்பு அடி பிடிக்குது" என்று சொல்லி அவள் போய்விட்டாள். கை ஓடினால் கணக்கு ஓடும், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கை நின்றால் கணக்கும் நின்றுவிடும். இது பிறவிக் கோளாறு, இந்தக் கோளாறை உலகத்தில் ஒரே ஒருவன்தான் அறிந்திருந்தான், அந்த டெரிக் கல்லறைக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

பஸ் ஓட்டேரியில் நின்றது. ஒரு அம்மாள் கீரைக்கட்டோடு ஏறி இவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீரை ஈரம் முழங்கையில் பட்டது, அந்தக் குளிர்ச்சியில் அந்த அறை ஞாபகம் வந்தது, ஏன் வந்தது என்றால் அந்த அறைச் சுவரும் எப்போதும் அப்படித்தான் ஈரமாக இருக்கும். மூன்றாம் நம்பர் ரயில்வே கேட்டை ஒட்டி டெரிக்கின் வீட்டுப் பின்பக்க அறை. அதனாலேயே குழுவுக்கு 'கேட் நம்பர் மூணு' என்று பெயர். நான்கு பேர். பாட்டு எழுதிப் பாடுகிற தணிகாசலம், வியாசர்பாடி, எட்டுத் தெருவுக்குக் கேட்கிற தொண்டை. கிடார் டெரிக், ஆங்கிலோ இந்தியன், தமிழில் திட்டுவதற்கென்றே தமிழ் கற்றவன். பேஸ் கிடார் சம்பந்தம், பேசினால் காசு கேட்பார்கள் என்று பயந்தவன் போல வாயே திறக்காதவன். டிரம்ஸுக்கு இவர், லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். தமிழில் ராக் பாட்டா என்று கல்லூரிப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்த காலம் அது. ரயில் வந்தால் அறையே அதிரும், ஒன்றும் கேட்காது, வாசிப்பதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திவிட்டு எப்போது திரும்ப ஆரம்பிப்பது? இவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். டெரிக் ஜன்னலைப் பார்த்து நிற்பான். கடைசிப் பெட்டி, கார்டு வண்டி, கேட்டைத் தாண்டியதும் டெரிக் இடது புருவத்தை மட்டும் தூக்குவான். உடனே இவர் குச்சியை இறக்குவார். சரக்கு வண்டியானால் நாற்பது பெட்டி, அதுவரை நாலு பேரும் பொம்மை மாதிரி நிற்பார்கள். இப்படி நின்று நின்று பழகியதில் தணிகாசலம் பாட்டுக்குள்ளேயே ஒரு நிறுத்தத்தை வைத்துவிட்டான். 'தண்ணி லாரி' என்று பாட்டு. குடம் வரிசையில் நிற்கிறது, தெருவே நிற்கிறது, "வருதா, வரலையா" என்று கத்திவிட்டு எல்லாரும் கப்சிப். பிறகு டிரம் இடி மாதிரி விழ, "வந்தாச்சு" என்று ஒரு கர்ஜனை. அந்தக் கப்சிப் நாலு எண்ணிக்கை என்று பேச்சு. பேச்சுதான். எண்ணினவன் டெரிக், அடித்தவன் இவர், நடுவில் ஒரு புருவம். தணிகாசலம் முன்னால் முதுகைக் காட்டி நிற்பான், சம்பந்தம் தரையைப் பார்ப்பான், யாருக்குத் தெரியப் போகிறது.

கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் நகர்ந்தது. இந்த டிரைவரும் தானாக எடுப்பதில்லை, பின்னாலிருந்து விசில் வந்தால்தான் எடுக்கிறார், அவரை யாரும் குறை சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டார். ஆனால் டிரம்மர் என்றால் அவனே டிரைவர், அவனே கண்டக்டர் என்று அல்லவா நினைக்கிறார்கள். எண்பத்தெட்டாம் வருஷம் கோடம்பாக்கத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. காலை ஒன்பது மணிக்கு சினிமாக்காரர்கள் வருவார்கள், அதற்குள் முடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்ற நிபந்தனையில் கிடைத்த இரண்டு மணி நேரம். 'தண்ணி லாரி' கடைசிப் பாட்டு. ஒரே தடவைதான், மறுபடி எடுக்க நேரமில்லை. தணிகாசலத்துக்கு மேலேயிருந்து தொங்குகிற மைக், அண்ணாந்து பாட வேண்டும். "வருதா, வரலையா." கப்சிப். இவர் டெரிக்கைப் பார்த்தார். புருவம் தூக்க வேண்டிய டெரிக் தணிகாசலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. அஞ்சு, ஆறு என்று ஏதோ போயிற்று, இவருக்கு எண்ணத் தெரியாது, உள்ளங்கை வியர்த்தது மட்டும் தெரியும். திடீரென்று டெரிக் பொக்கென்று சிரித்துவிட்டான். சிரித்தபடியே, ஐயையோ என்று ஞாபகம் வந்தவனாகப் புருவத்தைத் தூக்கினான், இவர் இறக்கினார், பாட்டு ஓடியது, கேசட்டில் அப்படியே பதிந்தது, சிரிப்பு உட்பட. பிறகு ஒரு பெரிய கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, "தாளமே நிக்கலையேப்பா உங்க கிட்ட, மத்தவன் சிரிக்கிற அளவுக்கு டிரம்ஸ்காரன் தூங்கறான்" என்று கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது கேசட் வரவே இல்லை. தணிகாசலம் அன்றைக்குப் படிக்கட்டில் ஆரம்பித்த ஏச்சு முப்பத்தேழு வருஷம் ஓய்ந்ததில்லை. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், இவர் பெண்ணுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்றுகூட: "அற்புதம், உன் கேப்புல விழுந்து நம்ம வாழ்க்கையே காணாமப் போச்சுடா." டெரிக் அன்றைக்கே மாடிப்படியில் கையைப் பிடித்தான். "ஆர்ப்பி, நான் சொல்லிடறேன் மேன், தப்பு என்னுது." இவர் வேண்டாம் என்றார். நட்பு என்று ஷெரிலிடம் சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் நட்பு. மீதிப் பாதி வெட்கம். சொன்னால் டெரிக் ஏன் சிரித்தான் என்பதோடு போகாது, டிரம்மருக்கு எண்ணத் தெரியாது என்பதும் சேர்ந்து வெளியே வரும். "எதுக்குடா சிரிச்ச" என்று மட்டும் கேட்டார். "சொன்னா நீயும் சிரிச்சுடுவே, அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பாட்ட உன்னால வாசிக்க முடியாது" என்றான் டெரிக். கடைசி வரை சொல்லவில்லை.

புரசைவாக்கத்தில் கூட்டம் ஏறியது. கல்லூரிப் பெண்கள் இருவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு ஒரு செல்போனை இருவருமாகப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு சின்ன சத்தம். இவருக்கு முதுகு நிமிர்ந்தது. இல்லை, வேறு ஏதோ பாட்டு. இந்த இரண்டு மாதமாக இதே பாடு, எங்கே டப் என்று சத்தம் கேட்டாலும் நம்முடையதோ என்று காது நீளுகிறது, இந்த வயதில் இது என்ன அல்ப ஆசை. டெரிக் இறந்த இரண்டாம் வருஷம் ஷெரில் அலமாரியை ஒழித்தபோது கேசட் கிடைத்திருக்கிறது. ஏதோ இயந்திரத்தில் ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நாலு பேரும் பெல்பாட்டத்தில் நிற்கிற ஒரு போட்டோவை ஒட்டி, அப்பா நினைவாக என்று இணையத்தில் போட்டாள். ஆறேழு வருஷத்தில் நானூறு பேர் கேட்டார்கள், அதில் முந்நூறு தணிகாசலமாகத்தான் இருக்கும். இந்தக் கோடையில் கோயம்புத்தூரில் ஒரு பெண் தன் குடியிருப்பு வாசலில் குடத்தோடு நின்று அந்தக் கப்சிப் வருகிற பத்தொன்பது வினாடியை மட்டும் வெட்டி ஒரு ரீல் போட்டாள். கப்சிப்பில் அவள் அசையாமல் நிற்கிறாள், டெரிக் சிரிக்கிறான், டிரம் விழுகிறது, அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவ்வளவுதான். பிறகு பிரியாணிக்கடை வரிசை, பரீட்சை ரிசல்ட், மாப்பிள்ளை வீட்டார் வருகை, கரண்ட் போன வீடு, எதற்கெடுத்தாலும் அந்தப் பத்தொன்பது வினாடி. முதல் இரண்டு சரணத்தை ஒருத்தனும் கேட்பதில்லையே என்று தணிகாசலத்துக்கு மனத்தாங்கல், இருந்தாலும் மீசைக்கு மை வாங்கிவிட்டான். அந்த ரீல்களுக்குக் கீழே பிள்ளைகள் எழுதுகிறவற்றை ஷெரில் படித்துக் காட்டினாள். 'அந்த கேப்புக்குக் கோயில் கட்டணும்.' 'அந்த கேப்புல நான் டிகிரியே முடிச்சிட்டேன்.' 'டிரம்மர் தாத்தா வேற லெவல், மத்தவங்களா இருந்தா பயந்துட்டு அடிச்சிருப்பாங்க, மனுஷன் என்னா தில்லா வெயிட் பண்றாரு.' தில்லாம். பிரமித்துப் போய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குத் தில்லாம். முப்பத்தேழு வருஷம் டெரிக்கின் பழியைச் சுமந்தார், ஒரு நாளும் கனத்ததில்லை. இப்போது அதே தப்புக்குப் பாராட்டு வருகிறது, அதுவும் டெரிக்குக்குச் சேர வேண்டியது, முகவரி மாறி இவர் வீட்டில் வந்து இறங்குகிறது, இதைத்தான் சுமக்க முடியவில்லை. நண்பனின் பழியை வாங்கிக்கொள்வது ஒரு விதத்தில் சுகமாகக்கூட இருந்தது. நண்பனின் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொள்வது திருட்டு.

சேத்துப்பட்டு சிக்னலில் சிவப்பு எண் அறுபதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. இப்படி ஒன்றைத் தலைக்கு மேலே மாட்டிவிட்டால் இந்தக் கோளாறு யாருக்கும் தெரியாமல் போய்விடும், ஆனால் ஷெரில் கேட்பாளே, இது எதற்கு அங்கிள் என்று. அவள்தான் இன்றைக்குக் கிடார். அப்பனுடைய அதே சிவப்புக் கிடார். வங்கியில் வேலை, முப்பத்தாறு வயது, சின்னதில் இவர் மடியில் உட்கார்ந்து குச்சியைக் கடித்து வைத்தவள், அந்தப் பல் தடம் பதிந்த குச்சி இன்னும் பரணில் இருக்கிறது. டேப்பில் உள்ள சிரிப்பை மட்டும் எடுத்து அந்த இடத்தில் ஸ்பீக்கரில் விடவா என்று அவள் கேட்டபோது தணிகாசலம்தான் முதலில் வேண்டாம் என்றான். "அவன் சிரிச்சது எங்க கூட நின்னு சிரிச்சது. டப்பாவுல போட்டு விடாத பாப்பா." அன்றைக்கு மட்டும் தணிகாசலத்தை இவருக்கு ரொம்பப் பிடித்தது. ஒத்திகை இரண்டு ஞாயிறு நடந்தது, இரண்டிலும் அந்த இடம் வந்ததும் தணிகாசலம், "இங்க கேப்பு, அற்புதம் பார்த்துக்குவான், தொண்டையை இப்பவே செலவழிக்க மாட்டேன்" என்று தாண்டிப் போய்விட்டான். அதனால் இவர் பிழைத்தார். இன்று தாண்ட முடியாது. நாற்பத்தொன்று, நாற்பது. என்ன சொல்வது ஷெரிலிடம்? அம்மா, அந்தத் தப்பு உங்கப்பாவுடையது. சீ, இறந்தவன் மேல் பழி போடுகிற மாதிரி இருக்கிறது. அம்மா, அந்தப் பெருமை உங்கப்பாவுடையது. இது ஏதோ தானம் பண்ணுகிற மாதிரி. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று டெரிக்குக்குப் பேச்சு போயிருந்தது. இவர் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது அவன் இடது புருவத்தைத் தூக்கினான். நன்றாக, மெதுவாகத் தூக்கினான். வாழ்நாள் முழுக்க அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆரம்பி. எதை ஆரம்பிப்பது? ஒன்பது வருஷமாக இவருக்குப் புரியவில்லை. கையில் குச்சி இல்லை, எதிரே டிரம் இல்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குளுக்கோஸ் ஸ்டாண்டும்தான் இருந்தன. இவர் கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். கீரைக்கார அம்மாள் இவர் முகத்தைப் பார்த்து, "இன்னாங்க, உடம்பு எதுனா பண்ணுதா" என்றாள். "இல்லம்மா, தூசி" என்றார். சிக்னல் விழுந்து பஸ் கிளம்பியது.

ஜெமினி, லஸ், மந்தைவெளி, அடையாறு எல்லாம் எப்போது போயின என்று தெரியவில்லை. பெசன்ட் நகரில் இறங்கி நாலு தெரு நடந்து இரண்டாவது மாடி ஏறியபோது மூன்றேகால். கூடத்தில் சோபாவைத் தள்ளிவிட்டு ஷெரில் இடம் பண்ணியிருந்தாள். வாடகை டிரம், சத்தம் குறைய உள்ளே ஒரு பழைய போர்வை. கீழ் வீட்டுக்காரரிடம் ஐந்து மணி வரை அனுமதி. தணிகாசலம் மை பூசின மீசையோடு கொப்பளித்துக்கொண்டிருந்தான். சம்பந்தம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாலு பேரும் போனுக்குள்ள அடங்கணும் அங்கிள், அதனால அரைவட்டமா உட்கார்றோம்" என்றாள் ஷெரில். டிரம்மை ஓரமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். முகத்தை மறைக்கக் கூடாதென்று மைக்கை ஊஞ்சல் கொக்கியில் கட்டி மேலேயிருந்து தொங்கவிட்டிருந்தாள். இவர் அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனார். அவள் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள், இவர் மஞ்சள் பையைத் திறந்து ரவா உருண்டையை எடுத்து வைத்தார், பிறகு பஸ்ஸில் யோசித்து வைத்த எதுவும் வாயில் வராமல், "ஷெரில், எனக்கு எண்ணத் தெரியாதும்மா" என்றார். அவள் திரும்பினாள். "அந்த இடத்துல மட்டும். நான் எண்ணினதே இல்ல. உங்க டாடி புருவத்தைத் தூக்குவான், நான் அடிப்பேன். அன்னிக்கு அவன் சிரிச்சுட்டு மறந்துட்டான், அதான் அந்த கேப்பு. ஜனங்க எழுதறாங்களே தில்லு கில்லுன்னு, அது எதுவும் என்னுது இல்லம்மா, எல்லாம் அவனுது." ஷெரில் கையிலிருந்த வடிகட்டியிலிருந்து தேயிலைச் சாறு அவள் கால் விரலில் சொட்டியது. "இத்தன வருஷமா திட்டு வாங்குனீங்களே அங்கிள்" என்றாள். "அது பழகிடுச்சும்மா" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இடது புருவமா வலதா?" என்று கேட்டாள். இடது என்றார். அவள் தூக்கிக் காட்டினாள். டெரிக்கேதான். "ஆறு எண்ணி, ஏழாவதுல தூக்கறேன். நீங்க என்னை மட்டும் பாருங்க" என்று சொல்லி அவள் தேநீரை எடுத்துக்கொண்டு போனாள், இவருக்கு அறுபது கிலோ மூட்டை ஒன்று முதுகிலிருந்து இறங்கின மாதிரி இருந்தது.

நாலு மணி. செல்போன் ஓரத்தில் எண் ஏறிக்கொண்டே போனது, ஆறாயிரம், ஒன்பதாயிரம், இவர் பார்க்கக் கூடாதென்று பார்த்தார், சின்னச் சின்ன இதயங்கள் சோப்பு நுரை மாதிரி மேலே போயின. குச்சி இறங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. கை ஓடியது, கணக்கு ஓடியது, முழங்கால் வலி எங்கேயோ போய்விட்டது, போர்வை அடைத்த டிரம்கூட இவர் பேச்சைக் கேட்டது. முதல் சரணம், ஒருவரும் கேட்காத அந்த அருமையான முதல் சரணம், தணிகாசலத்தின் குரல் கிழிந்திருந்தது, கிழிசலே அழகாயிருந்தது. இரண்டாவது சரணத்தில் சம்பந்தம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான், அது ஒரு சரித்திரம். "வருதா, வரலையா." கப்சிப். குச்சிகளை உயர்த்தியபடி ஷெரிலைப் பார்த்தார். அவளை ஒட்டி, அரைவட்டத்தில், அவள் தோளுக்கு அப்பால், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்தில் தணிகாசலத்தின் முகம் தெரிந்தது. நாற்பது வருஷமாக முதுகை மட்டுமே பார்த்தவர். தலைக்கு மேலே தொங்கும் மைக்கை நோக்கி அண்ணாந்து, 'வந்தாச்சு' தவறிப்போகக் கூடாதென்று வாயை இப்போதே ஆவென்று திறந்து, கண்களை இறுக மூடி, புதுக் கறுப்பு மீசை விரிய, கார்ப்பரேஷன் குழாயின் கீழே சொட்டுத் தண்ணிக்கு ஏங்கி நிற்கிற ஆள் மாதிரி அப்படியே நின்றுகொண்டிருந்தான் தணிகாசலம். அடப் பாவி டெரிக், இதற்கா. இதையா கடைசி வரை சொல்லாமல் வைத்திருந்தாய். இவர் கன்னம் உப்பியது. ஷெரிலின் இடது புருவம் ஏழாவதில் சொன்ன சொல் தவறாமல் மேலே போனது, இவர் அதைப் பார்த்தார், அதற்கு என்ன அர்த்தம் என்று நன்றாகத் தெரியும், கை அசையவில்லை. எட்டு, ஒன்பது, யார் கண்டது. தணிகாசலத்தின் வாய் இன்னும் கொஞ்சம் அகன்றது. பொக்கென்று அற்புதராஜிடமிருந்து சிரிப்பு வெடித்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது, நீரோடு குச்சியை இறக்கினார், "வந்தாச்சு" என்று வீடே அதிர்ந்தது, ஷெரில் கிடாரோடு குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் தணிகாசலம் போன் ஓடிக்கொண்டிருப்பதைக்கூட மறந்து இவர் பக்கம் திரும்பினான். "இன்னிக்கும் விட்டியேடா அற்புதம்." இவர் சட்டைக்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டா, இன்னிக்கு நான்தான் விட்டேன்" என்றார். அதைச் சொல்ல எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவருக்கே ஆச்சரியம். "சிரிப்பு வேற. எதுக்குடா சிரிச்ச?" என்றான் தணிகாசலம். அற்புதராஜ் ஷெரிலைப் பார்த்தார், அவள் மடியிலிருந்த சிவப்புக் கிடாரைப் பார்த்தார்.

"சொன்னா நீயும் சிரிச்சுடுவே" என்றார்.